செர்ரி தின்ற ஜெனரலும் தேதி தப்பிய வக்கீலும்

ஜக்கரி டெய்லர் நாற்பது வருஷம் ராணுவத்தில் இருந்தவர். மெக்சிகோ யுத்தத்தில் தன் படையைப்போல மூன்று மடங்கு ஆட்களோடு வந்த எதிரியைத் திருப்பி அனுப்பியவர். சுற்றிலும் குண்டு பறக்கும்போது குதிரை மேல் ஒருக்களித்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாராம். இந்தத் துணிச்சலுக்காகவே அமெரிக்க மக்கள் அவரை ஜனாதிபதி ஆக்கினார்கள். அதற்கு முன்னால் தேர்தல் எதிலும் அவர் ஓட்டுப் போட்டதே இல்லை!

1850 ஜூலை 4. அமெரிக்காவின் சுதந்திர தினம். வாஷிங்டன் நகரத்தில் மண்டையைப் பிளக்கும் வெயில். பாதி கட்டி நின்ற வாஷிங்டன் நினைவுத் தூணுக்குப் பக்கத்தில் விழா. ஜனாதிபதி ஆயிற்றே, எழுந்து போக முடியுமா? பேச்சாளர்கள் பேசினார்கள், பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். மெக்சிகோ பீரங்கிக்கு அசையாத மனிதர் மேடைப் பேச்சில் வதங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் பசி, தாகம். கிண்ணம் நிறையச் செர்ரிப் பழம், மேலே ஐஸ் போட்ட பால். வெளுத்துக் கட்டினார். அன்று ராத்திரியே வயிறு பேச ஆரம்பித்தது. டாக்டர்கள் ஓடி வந்து பாதரச மருந்து, அபின், கொய்னா என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொடுத்தார்கள். போதாதென்று ரத்தத்தையும் கொஞ்சம் வெளியேற்றினார்கள். அந்தக் காலத்து வைத்தியத்தைத் தாங்க உடம்பு ரொம்ப ஆரோக்கியமாக இருந்தாக வேண்டும். ஐந்தாம் நாள், ஜூலை 9, ஜெனரல் காலி.

கதை இத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. ‘செர்ரி தின்று யாராவது சாவார்களா? நிச்சயம் யாரோ ஆர்சனிக் வைத்திருக்கிறார்கள்’ என்று 141 வருஷம் கழித்து ஒரு சந்தேகம் கிளம்பி, 1991-ல் கென்டக்கியில் இருந்த கல்லறையைத் திறந்து, முடியும் நகமும் எடுத்துப் பரிசோதித்தார்கள். விஷம் வைத்துக் கொன்றதற்கு அடையாளமே இல்லை. ஆக, கொண்டாட்டம்தான் குற்றவாளி.

இந்த ஜூலை நான்காம் தேதியிடம் அமெரிக்கத் தலைவர்கள் ஜாக்கிரதையாக இருந்திருக்கலாம். பீரங்கி, கொடி, பேச்சு, வாணவேடிக்கை என்று ஒவ்வொருத்தரும் அந்த நாளைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களை அந்த நாள்தான் பாக்கெட்டில் போட்டுக்கொண்டது. முதலில் மாட்டியவர் ஜான் ஆடம்ஸ்.

ஆடம்ஸ் மாசசூசெட்ஸ் வக்கீல். குள்ளம், தொந்தி, முன்கோபம். 1776-ல் பிலடெல்பியாவில் கூடிய காங்கிரஸில் ‘பிரிட்டனோடு உறவை வெட்டு’ என்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் அவர் முக்கியமானவர். தீர்மானம் ஓட்டெடுப்பில் ஜெயித்தது. மறுநாள் மனைவி அபிகெயிலுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். இனி வருஷா வருஷம் இந்த நாளை அணிவகுப்பு, விளையாட்டு, துப்பாக்கி வேட்டு, மணியோசை, சொக்கப்பனை, விளக்கு அலங்காரம் என்று தேசத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை கொண்டாடுவார்கள் என்று ஜோசியம் சொன்னார். அத்தனையும் அப்படியே பலித்தது. ஒரே ஒரு சின்னப் பிசகு. அவர் சொன்ன தேதி ஜூலை 2!

ஆமாம், சுதந்திரத் தீர்மானம் நிறைவேறியது ஜூலை 2-ஆம் தேதி. ஜூலை 4-ல் நடந்தது என்ன? ‘ஏன் பிரிகிறோம்’ என்று விளக்கும் அறிக்கையின் வாசகத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். இன்றைய பாஷையில், பிரஸ் ரிலீஸ் ஓகே ஆன நாள். ‘சரி, அன்றைக்குக் கையெழுத்தாவது போட்டிருப்பார்களே?’ என்பீர்கள். பெரும்பாலானோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2-ஆம் தேதி. சுதந்திர மணி அன்று கணீரென்று ஒலித்ததாகச் சொல்வார்களே, அது 1847-ல் ஒரு கதாசிரியர் கிளப்பிவிட்ட கதை. பிரிட்டிஷ் ராஜா மூன்றாம் ஜார்ஜ் அன்றைய டயரியில் ‘இன்று முக்கியமாக எதுவும் நடக்கவில்லை’ என்று எழுதினாராமே? ராஜாவுக்கு டயரி எழுதும் பழக்கமே கிடையாது.

(டயரியில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிய ராஜா பிரான்ஸின் பதினாறாம் லூயி. பாரிஸில் பாஸ்டீல் சிறைக்கோட்டையை ஜனங்கள் பிடித்த அதே 1789 ஜூலை 14. பாவம், அவர் புரட்சியைப் பற்றி எழுதவில்லை. அன்றைக்கு வேட்டையில் ஒன்றும் சிக்கவில்லை என்று கணக்கு எழுதினார்.)

பின்னே ஜூலை 4 எப்படிப் பண்டிகை ஆனது? அறிக்கையை அச்சடித்த தாளின் உச்சியில் அந்தத் தேதி கொட்டை எழுத்தில் இருந்தது. அதைவிட ருசியான காரணம் ஒன்றும் உண்டு. 1777-ல் முதல் ஆண்டு நிறைவு வந்தது. காங்கிரஸின் மகாபுருஷர்கள் அதே பிலடெல்பியாவில்தான் கூடியிருந்தார்கள். ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. கொண்டாடலாமே என்ற யோசனையே ஜூலை 2-ல்தான் எழுந்தது, பேச்சு எடுத்தது 3-ல். இதை மகளுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொள்கிறவர் வேறு யாருமில்லை, ஆடம்ஸேதான். ஜூலை 2 கைநழுவிப் போக, கொண்டாடக் கிடைத்தது 4. கல்யாண நாளைச் சாயங்காலம் ஆபீஸிலிருந்து கிளம்பும்போது நினைத்துக்கொள்கிற புருஷன்மார்கள் இனிமேல் வெட்கப்படவே வேண்டாம். சரித்திரம் உங்கள் பக்கம் இருக்கிறது.

அவசரத்தில் ஏற்பாடு செய்தாலும் விழா அமர்க்களம். கப்பல்களுக்குத் தோரணம், பதின்மூன்று மாநிலத்துக்குப் பதின்மூன்று குண்டு, விருந்து. விருந்தில் பேண்டு வாத்தியம் வாசித்தவர்கள் யார் தெரியுமா? பிரிட்டன் கூலிக்கு அமர்த்திய ஜெர்மானியச் சிப்பாய்கள். டிரென்டன் சண்டையில் பிடிபட்ட கைதிகள். ஆக, அமெரிக்கச் சுதந்திரத்தின் முதல் ஆண்டு விழாக் கச்சேரியை நடத்தியது எதிரியின் ஆர்க்கெஸ்ட்ரா.

அடுத்த வருஷம் ஜார்ஜ் வாஷிங்டன். ராணுவ ஒழுங்கு என்றால் அப்படி ஒரு ஒழுங்கு. சிரித்த முகமாக ஒரு படம்கூடக் கிடைக்காத மனிதர். 1778 ஜூலை 4-க்கு அவர் போட்ட உத்தரவு: சிப்பாய்கள் தொப்பியில் பச்சைக் கிளை செருகிக்கொள்ள வேண்டும், பீரங்கி முழங்க வேண்டும், ஆளுக்கு ரெட்டைப் பங்கு ரம்! நம் நாட்டில் சுதந்திர தினத்தன்று சாராயக் கடையை இழுத்து மூடுகிறோம். அவர்கள் தேசப்பிதா கையாலேயே ஊற்றிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது தாமஸ் ஜெஃபர்சனுக்கு வருவோம். அறிக்கையை எழுதியவர். ‘ஏன் அவர் எழுதினார்?’ என்பதற்கு ஆடம்ஸ் பிற்காலத்தில் ஒரு விளக்கம் கொடுத்தார். ‘நீ எழுது’ என்று ஜெஃபர்சன் சொன்னாராம். ‘மாட்டேன், நீயே எழுது. நீ வர்ஜீனியாக்காரன், அது ஒன்று. என்னை யாருக்கும் பிடிக்காது, அது இரண்டு. என்னைவிட நீ பத்து மடங்கு நன்றாக எழுதுவாய், அது மூன்று’ என்று ஆடம்ஸ் மறுத்தாராம். எவ்வளவு பெருந்தன்மை! ஜெஃபர்சனிடம் கேட்டபோது, ‘அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை, கமிட்டி என்னிடம் நேரடியாகக் கொடுத்தது’ என்றுவிட்டார்.

எழுதிக் கொடுத்ததைக் காங்கிரஸ் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தது. தன் எழுத்தில் அடுத்தவன் கை வைத்தால் எப்படி இருக்கும் என்று எந்த எழுத்தாளரையும் கேட்டுப் பாருங்கள். ஜெஃபர்சன் முகம் தொங்கிப் போய் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கிழவர் ஒரு தொப்பிக்காரன் கதை சொல்லித் தேற்றினார். ‘ஜான் தாம்ப்சன், தொப்பிக்காரர், ரொக்கத்துக்குத் தொப்பி தயாரித்து விற்கிறார்’ என்று போர்டு எழுதி, கூடவே தொப்பிப் படமும் போட்டு நண்பர்களிடம் காட்டினானாம் ஒருவன். ‘தொப்பிக்காரர் எதற்கு?’ என்றான் ஒருத்தன். ‘தயாரிப்பது யாராக இருந்தால் என்ன?’ என்றான் இன்னொருத்தன். ‘ரொக்கத்துக்கு’ போயிற்று. ‘விற்கிறாரா? பின்னே இலவசமாகவா கொடுப்பார்?’ அதுவும் போயிற்று. கடைசியில் போர்டில் மிஞ்சியது பெயரும் ஒரு தொப்பிப் படமும். ஜெஃபர்சன் இந்தக் கதையைச் சாகும்வரை மறக்கவில்லை. வெட்டியவர்களை மன்னிக்கவும் இல்லை.

சரித்திரம் திரும்பிய அந்த 1776 ஜூலை 4-ல் ஜெஃபர்சன் தன் கணக்குப் புத்தகத்தில் என்ன எழுதினார்? தெர்மாமீட்டர் வாங்கியது, பெண்களுக்கான ஏழு ஜோடி கையுறை வாங்கியது. காலை ஆறு மணிக்கு 68 டிகிரி ஃபாரன்ஹீட், மத்தியானம் ஒரு மணிக்கு 76. அவ்வளவுதான். புதுசாகப் பிறந்த தேசத்தின் டெம்பரேச்சரைத் துல்லியமாக எடுத்து வைத்திருக்கிறார்.

விவாதம் சீக்கிரம் முடிந்ததற்கு அவர் பிற்காலத்தில் வேடிக்கையாக ஒரு காரணம் சொல்வாராம். கூட்டம் நடந்த மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு குதிரை லாயம். ஜன்னல் வழியே ஈக்கள் படையெடுத்து வந்து, பட்டுக் காலுறை போட்டிருந்த பெரிய மனிதர்களின் கால்களைப் பதம் பார்த்தன. கைக்குட்டையால் விசிறி விசிறிப் பார்த்துவிட்டு, விட்டால் போதும் என்று முடித்தார்களாம். அமெரிக்கச் சுதந்திரத்துக்குப் பாடுபட்டவர்கள் பட்டியலில் ஈக்களுக்கும் ஒரு பென்ஷன் கொடுத்திருக்கலாம்.

1801-ல் ஜெஃபர்சன் ஜனாதிபதி ஆனார். தோற்றவர் அதுவரை ஜனாதிபதியாக இருந்த ஆடம்ஸ். பதவியேற்பைப் பார்க்கப் பிடிக்காமல் பொழுது விடிவதற்குள் வண்டி பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷம் ஜூலை 4-ல் வெள்ளை மாளிகையின் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, கேக், பானம், மரைன் பேண்டு, வெளியே குதிரைப் பந்தயம் என்று ஜெஃபர்சன் ஜமாய்த்தார். வருகிறவர்களுக்குத் தலைகுனிந்து வணங்காமல் கை குலுக்கினார். எல்லோரும் சமம் அல்லவா! உபசரிப்பு என்றாலும் பண்ணை என்றாலும் அடிமைகள் உழைப்பு இல்லாமல் ஒரு நாள் ஓடாத மனிதர் அவர். ‘எல்லா மனிதரும் சமம்’ என்று எழுதியவர் செத்தபின் கடனை அடைக்க, 1827 ஜனவரியில் அவர் வீட்டில் 130 அடிமைகளை ஏலத்துக்கு வைத்தார்கள். அந்த வரியை மட்டும் காங்கிரஸ் வெட்டாமல் விட்டது ஏன் என்று இப்போது தோன்றுகிறது, இல்லையா?

ஊரில் உட்கார்ந்திருந்த ஆடம்ஸுக்கோ வயிறு எரிந்தது. கத்திக் கத்திக் காரியத்தை முடித்தது நான், பேப்பரில் எழுதியவனுக்குப் பெயரா? அந்த அறிக்கையே ஒரு நாடகம், மேடைக் கைத்தட்டல் மொத்தத்தையும் ஜெஃபர்சன் அள்ளிக்கொண்டு போய்விட்டார் என்று நண்பருக்குக் கடிதம் எழுதிப் புலம்பினார். அவர் புலம்பலில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. டிரம்புல் என்ற ஓவியர் வரைந்த பிரம்மாண்டமான படம் ஒன்று அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் தொங்குகிறது. ஜூலை 4-ல் கையெழுத்துப் போடும் காட்சி என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அது ஜூன் 28-ல் நகலைக் கொடுக்கும் காட்சி. படத்தின் நடுநாயகமாக ஆடம்ஸ் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். இந்தப் படத்தை இரண்டு டாலர் நோட்டிலும் அச்சடித்தார்கள், பின்பக்கத்தில். முன்பக்கம் யார் முகம்? வேறு யார், ஜெஃபர்சன்தான்.

டிரம்புல் இன்னொரு ஜூலை 4-க்கும் சாட்சி. 1804, நியூயார்க்கில் பழைய ராணுவ அதிகாரிகள் சங்கத்தின் விருந்து. ஒரே அறையில் துணை ஜனாதிபதி ஆரன் பர், முன்னாள் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன். ஹாமில்டன் குஷியாகப் பாட்டெல்லாம் பாடினார். பர் வாயே திறக்கவில்லை. பாடியவரையே வெறித்துப் பார்த்தார். ஏன் இப்படி என்று மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சரியாக ஒரு வாரத்தில், ஜூலை 11, இரண்டு பேரும் ஆற்றைத் தாண்டிப் போய்த் துப்பாக்கியால் கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள். பதவியில் இருந்த துணை ஜனாதிபதி சுட்டார், ஹாமில்டன் மறுநாள் செத்தார். கூட்டணிக்குள் மனக்கசப்பு என்று நாம் பேப்பரில் படிப்பதெல்லாம் எவ்வளவு மென்மையான சமாசாரம், பாருங்கள்.

ஆடம்ஸும் ஜெஃபர்சனும் அந்த அளவுக்குப் போகவில்லை. 1812-ல் பொது நண்பர் ஒருவர் சமாதானம் செய்துவைக்க, பிறகு பதினான்கு வருஷம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். 1826-ல் சுதந்திரத்துக்குப் பொன்விழா வந்தது. தலைநகரத்திலிருந்து அழைப்பு. ஆடம்ஸுக்கு 90, ஜெஃபர்சனுக்கு 83. உடம்பு ஒத்துக்கொள்ளாது என்று இரண்டு பேரும் மறுத்துவிட்டார்கள்.

ஜூலை 3 ராத்திரி ஜெஃபர்சன் படுக்கையில் கண்ணைத் திறந்து, ‘நான்காம் தேதி ஆகிவிட்டதா?’ என்று கேட்டார். இன்னும் இல்லை என்றார்கள். பிடிவாதமாக உயிரைப் பிடித்துக்கொண்டு, நான்காம் தேதி மத்தியானம் போய்ச் சேர்ந்தார். அதே நாள் சாயங்காலம் வடக்கே ஆடம்ஸும் போனார். ‘தாமஸ் ஜெஃபர்சன் இன்னும் இருக்கிறார்’ என்பது அவருடைய கடைசிப் பேச்சு என்று சொல்வார்கள். ஐம்பது வருஷப் போட்டி, கடைசி மூச்சிலும் அதே நினைப்பு. சில மணி நேரம் முன்னாலேயே ஜெஃபர்சன் முந்திக்கொண்டது அவருக்குத் தெரியாது! அந்த ஜூலை 2-காரரையும் ஜூலை 4-தான் கூட்டிக்கொண்டு போனது.

தேசமே மெய்சிலிர்த்தது. தெய்வ சங்கல்பம் என்றார்கள். ஐந்து வருஷம் கழித்து ஐந்தாவது ஜனாதிபதி ஜேம்ஸ் மன்றோவும் 1831 ஜூலை 4-ல் கண்ணை மூடினார். மாஜி ஜனாதிபதி என்றால் இந்தத் தேதியில் போவதுதான் மரியாதை என்று ஆகிவிட்டது. 1836 ஜூன் கடைசியில் நான்காவது ஜனாதிபதி ஜேம்ஸ் மேடிசன் சாகக் கிடந்தபோது, மருந்து கொடுத்து ஜூலை 4 வரைக்கும் இழுத்துவிடலாம் என்று டாக்டர்கள் ஆசை காட்டினார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு ஜூன் 28-லேயே கிளம்பிவிட்டார். இந்தக் கூட்டத்தில் நான் தொப்பியைக் கழற்றி வணங்குவது இவர் ஒருவருக்குத்தான்.

ஆடம்ஸின் பிள்ளை ஜான் குவின்சி ஆடம்ஸும் ஜனாதிபதி. அப்பாவின் படிப்பு, அப்பாவின் சிடுசிடுப்பு இரண்டும் அப்படியே. 1828 ஜூலை 4-ல் ஒரு பெரிய கால்வாய்த் திட்டத்துக்கு முதல் மண் வெட்ட வந்தார். கனமான சொற்பொழிவு கையில் இருந்தது. மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். ‘ணங்’. உள்ளே மர வேர். மறுபடி போட்டார். வேர் அசையவில்லை. மூன்றாம் தடவையும் இல்லை. சட்டென்று கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஆவேசமாக வெட்டி ஒரு கை மண்ணை அள்ளிவிட்டார். கூட்டம் விசிலடித்து ஆர்ப்பரித்தது. தன் பேச்சைவிட இந்தக் கோட்டு சமாசாரம்தான் ஜனங்களைக் கவர்ந்தது என்று டயரியில் கொஞ்சம் வருத்தத்தோடு எழுதிக்கொண்டார். அதே நாள், பால்டிமோரில், ரயில் பாதை ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார்கள். ரயில் வந்தபின் கால்வாயைச் சீந்த ஆளில்லை. அந்த வருஷத் தேர்தலில் குவின்சி ஆடம்ஸையும்.

ஒரு நூற்றாண்டைத் தாண்டிக் குதிப்போம். கால்வின் கூலிட்ஜ். பேசக் காசு கேட்பாரோ என்று ஜனங்கள் சந்தேகப்பட்ட அளவுக்கு மௌனச் சாமியார். ஜூலை 4-ல் பிறந்த ஒரே ஜனாதிபதி. 1927-ல் தெற்கு டகோடா மலைப் பக்கம் கோடை விடுமுறைக்குப் போயிருந்தார். அன்றைக்கு 55 முடிந்தது. உள்ளூர்க்காரர்கள் ஒரு முழு கௌபாய் உடுப்பைப் பரிசளித்தார்கள். பெரிய தொப்பி, பளபளச் சட்டை, தொடையைச் சுற்றித் தோல் கவசம், அதில் கொட்டையாக ‘கால்’ என்று அவர் செல்லப்பெயர். வேறு யாராவது என்றால் ‘ரொம்ப நன்றி’ என்று வாங்கி வைத்திருப்பார்கள். நம்மவர் உள்ளே போய் அத்தனையையும் மாட்டிக்கொண்டு வந்து, முகத்தில் ஒரு சிரிப்பு இல்லாமல் போட்டோவுக்கு நின்றார். படம் தேசம் முழுக்கப் பத்திரிகையில் வந்தது. அடுத்த மாதம், ‘இனித் தேர்தலில் நிற்கப்போவதில்லை’ என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் சரித்திர ஆசிரியர்கள் சொல்கிறார்கள்.

2019-ல் டொனால்ட் டிரம்ப். லிங்கன் நினைவகத்தின் முன்னால் டாங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, வானத்தில் போர் விமானம் பறக்கவிட்டு, மழை கொட்டக் கொட்டப் பேசினார். சுதந்திரப் போரின்போது வாஷிங்டனின் படை விமான நிலையங்களைக் கைப்பற்றியது என்று ஒரு போடு போட்டார். 1770-களில்! ரைட் சகோதரர்கள் விமானம் விட்டதே 1903-ல்தான். மழையில் டெலிபிராம்ப்டர் கைகொடுக்கவில்லை என்று மறுநாள் விளக்கம் வந்தது. கூலிட்ஜ் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது புரிகிறது.

இருநூறாவது ஆண்டு விழாவைச் சொல்லாமல் விட முடியாது. 1976. ஜெரால்ட் ஃபோர்டு ஒரே நாளில் மூன்று ஊர் ஓடி, கப்பல் பார்த்து, மணி அடித்து, தன் பங்கைச் சமர்த்தாகச் செய்தார். இரண்டு நாள் கழித்துப் பிலடெல்பியாவுக்கு ஒரு விசேஷ விருந்தாளி வந்தார்: பிரிட்டிஷ் ராணி இரண்டாம் எலிசபெத். கையோடு பெரிய மணி ஒன்றும் கொண்டுவந்தார். விரிசல் விட்டுப்போன பழைய சுதந்திர மணியை முதன்முதலில் வார்த்துக் கொடுத்த அதே லண்டன் பட்டறையில் செய்த மணி. இரண்டு நூற்றாண்டு தாமதமாக வந்த ரீப்ளேஸ்மென்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேடை ஏறிய ராணி, நான் மூன்றாம் ஜார்ஜின் நேர் வாரிசு என்று ஆரம்பித்தார். ஜூலை 4-ஐ பிரிட்டனிலும் கொண்டாட வேண்டும் என்றார். தக்கவைக்க முடியாததை எப்போது, எப்படி விட்டுக்கொடுப்பது என்று தெரியாததால்தான் இந்த நாட்டை இழந்தோம், அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்த உங்கள் முன்னோர்களுக்கு நன்றி என்று சொல்லி அமர்ந்தார். மறுநாள் வெள்ளை மாளிகை விருந்தில் ஃபோர்டு அவரை நடனத்துக்கு அழைத்தபோது, பேண்டு கோஷ்டி சமயம் பார்த்து ‘தி லேடி இஸ் எ டிராம்ப்’ என்ற பாட்டை எடுத்துவிட்டது. அந்தப் பெண்மணி ஒரு நாடோடி! ராணி அசரவில்லை, ஆடி முடித்தார்.

இத்தனை வருஷத்தில் இத்தனை தலைவர்கள் கொண்டாடியதில், அமெரிக்கச் சுதந்திரத்தைப் பற்றிக் கச்சிதமாகப் பேசிவிட்டுப் போனவர் தோற்ற கட்சிக்காரர்தான் என்பது என் தீர்ப்பு. அவர் அதைப் பேசியது ஜூலை 6-ஆம் தேதி.